எல்லைக்கல்லில் வளைகாப்பு

வருஷம் முழுக்க ஊரிலேயே குடியிருப்பதற்காக ஊராட்சி மாதாமாதம் பணம் கொடுக்கிறது. வீட்டில் ஒருத்தர் எல்லை தாண்டினாலும் எல்லைக்கல்லில் பதித்த கருவி கண்டுபிடித்துவிடும்; அந்த வீட்டுக்கே பணம் நின்றுவிடும். அதனால்தான் செவ்வந்தியின் வளைகாப்பு எல்லைக்கல்லடியில் நடந்தது. கல்லுக்கு இந்தப் பக்கம் அவளும் மாமியார் ராக்காயியும் நின்றார்கள். பக்கத்து ஊராட்சியிலும் இதே சட்டம் என்பதால், அம்மா பேச்சி அந்தப் பக்கம் நின்றபடியே வளையல் போட்டாள்.

"கைய நல்லா நீட்டுடி. காலு தாண்டிராம."

எல்லாரும் சிரித்தார்கள். புளிசாதம் கல்லுக்கு மேலாகவே கைமாறியது.

"தலைப்பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டதா நெனச்சுக்கங்க சம்பந்தி," என்றாள் ராக்காயி.

செவ்வந்திக்குச் சுருக்கென்றது. "பெத்துட்டதாவும் நெனச்சுக்கிறவா அத்த? நீங்க மூணையும் எங்க பெத்தீங்க?"

"எங்கம்மா வீட்டுலதான்." சொல்லிவிட்டு ராக்காயி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அப்புறமென்ன?" செவ்வந்தி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

"உங்கள் வீட்டுத் தொகை நிறுத்தப்பட்டது. நன்றி, வணக்கம்," என்றது கல்.

பேச்சி பதறிப்போனாள். ராக்காயி கல்லைக் கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"நின்னது நின்னுருச்சு. எந்தம்பி மொகத்தப் பாத்து ஆறு வருஷமாச்சு," என்று அவளும் தாண்டினாள். "சம்பந்தி, மேலூர் பஸ்ஸு இங்கன நிக்குமா?"