மார்ட்டினிடம் மறுத்துப் பேசுதல்

அவள் எதிரில் நிற்பவர் இப்போது முரளிதர் சார் இல்லை. மார்ட்டின்.

அவரை நெதர்லாந்து மேலதிகாரியாக நினைத்துப் பேசிப் பழக வேண்டும் என்று பயிற்சி கொடுக்க வந்த ஷெர்லி மேடம் சொல்லியிருந்தார். சார் கழுத்தில் ஆரஞ்சு நிற மஃப்ளர் ஒன்றையும் சுற்றிவிட்டிருந்தார். நெதர்லாந்துக்காரர்களுக்கு அந்த நிறம் என்றால் உயிராம்.

சார் மஃப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தார். "இன்னிக்கு ஒருநாள்தான். என்னைத் திட்டணும்னு ஆசை இருக்கறவங்க திட்டிக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரித்தால் எல்லோரும் சிரிப்பார்கள்.

காலையிலிருந்து இதே பாடம்தான். அங்கே யாரும் யாரையும் சார் என்று கூப்பிடுவதில்லை. பெயரைத்தான் சொல்ல வேண்டும். மேலதிகாரி தப்பாகச் சொன்னால் முகத்துக்கு நேரே மறுக்க வேண்டும். தலையாட்டுகிறவளை அங்கே எவரும் மதிப்பதில்லை. இதையெல்லாம் அங்கே வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நாம்தான் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

கேட்கக் கேட்க அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது. பிறந்ததிலிருந்து வாயாடி என்று பெயர் வாங்கியவள். இந்த வாய்க்கென்று ஒரு தேசமே இருக்கிறதா!

ராட்டர்டாமில் ஒரு டீமுக்குத் தலைமை. இருப்பது ஒரே இடம். போட்டியில் அவளும் நிகிலும். யாரை அனுப்புவது என்று முடிவு செய்பவர் முரளிதர் சார்.

வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. முதல் பாஸ்போர்ட்டும். அப்பா வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லி வைத்தாயிற்று.

நிகில் முதலில் போனான். "மார்ட்டின், எனக்கு இதுல வேற அபிப்பிராயம் இருக்கு" என்று இங்கிலீஷில் ஆரம்பித்து, ரொட்டியில் வெண்ணெய் தடவுவதுபோல் மறுத்துவிட்டு வந்தான்.

கைதட்டல்.

அடுத்து அவள்.

மார்ட்டின் கைகளைக் கட்டிக்கொண்டார். "ப்ராஜெக்ட் ரெண்டு வாரம் முன்னாடியே முடியணும். டீம் சனி ஞாயிறும் வரட்டும். யாருக்கும் லீவு கிடையாது."

எழுதிக் கொடுத்த வசனம்தான். ஆனால் போன மாதம் எவரும் எழுதிக் கொடுக்காமலே இதைச் சொன்ன வாய்.

"முடியாது" என்றாள்.

மேடம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"ஏன் முடியாது?"

காரணங்கள் இங்கிலீஷில் தயாராக இருந்தன. அவை எங்கே போய்த் தொலைந்தன என்று தெரியவில்லை. தமிழ்தான் வந்தது.

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க, முரளி. பொற்கொடி அப்பா ஐசியூல கெடந்தாரு. லீவு கேட்டா. குடுக்கல. ஆஸ்பத்திரி வராண்டாவுல ஒக்காந்து, லேப்டாப்ப மடியில வெச்சுக்கிட்டு உங்க மீட்டிங்ல இருந்தா. உள்ள அவர் உசுரு போயிடுச்சு. நர்ஸ் வந்து அவ தோளத் தொட்ட நேரத்துல நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா முரளி? 'கேமராவ ஆன் பண்ணும்மா'ன்னீங்க."

யாரோ பிஸ்கட்டை மெல்வதைப் பாதியில் நிறுத்தினார்கள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த பொற்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

மார்ட்டின் என்றல்லவா கூப்பிட்டிருக்க வேண்டும். அவளுக்கே அப்போதுதான் உறைத்தது.

சார் மஃப்ளரைக் கழற்றினார். நிதானமாக மடித்து மேஜைமேல் வைத்தார். முகத்தில் கோபமே இல்லை.

"பின்னிட்டேம்மா. என்னா நடிப்பு!"

இங்கொருவர் அங்கொருவராகச் சிரித்தார்கள். நாற்காலிகள் நகர்ந்தன.

மனுஷன் தப்பித்துக்கொள்ள ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டார். ஒரு சிரிப்பு போதும். ஆமாம் சார், நடிப்புதான் சார் என்று ஒரே ஒரு சிரிப்பு. சிரித்தால் ராட்டர்டாம் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். சிரிக்காவிட்டால், இந்த வாயை வைத்துக்கொண்டு இங்கேயே கிடக்க வேண்டியதுதான். அதுவும் விட்டுவைத்தால்.

நடிப்பில்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அதற்குள் யாரோ கைதட்டினார்கள்.

பொற்கொடி.

வேகவேகமாகத் தட்டினாள். கண்ணால் கெஞ்சினாள். போதும்டி, உட்காரு.

பிறகு நிகில் தட்டினான். ஷெர்லி மேடம் தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். சாரும்.

அவள் கைகூப்பிக் குனிந்தாள். நாடகம் முடிந்ததும் நடிகர்கள் குனிவார்களே, அப்படி.

நிமிர்ந்தபோது மற்றவர்கள் நிறுத்தியிருந்தார்கள்.

பொற்கொடி மட்டும் இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள்.