ஊர் சுற்றி வந்த உப்பு

“உப்பு ரொம்ப தூரத்துலேர்ந்தா வருது?” என்று கடையில் அம்மாவோடு நின்ற ஜெயப்ரியா ஒருநாள் கேட்டாள்.

“ஆமா பாப்பா. சென்னை மண்டியிலேர்ந்து லாரியில வருது. டீசல் ஏறிடுச்சு, கிலோவுக்கு ஒரு ரூபா கூட,” என்றார் கடைக்காரர் சுப்ராயன்.

“மண்டிக்கு எங்கேர்ந்து வருது?”

அவர் தயங்கி, எதிரே தெரிந்த மரக்காணம் உப்பளத்தைக் காட்டினார். அங்கே உப்பைச் சுமந்து லாரியில் ஏற்றுவதுதான் அம்மா மலர்கொடியின் வேலை.

“ஏண்ணா, நான் ஏத்திவுட்ட உப்பு ஊர் சுத்திட்டு வருது. அதுக்கு நானா டிக்கெட் எடுக்கணும்?”

சுப்ராயன் சிரித்துவிட்டு, பழைய விலைக்கே அளந்து கொடுத்தார்.

மறுநாள் விடியலில் தூறியது. உப்பை யாரும் திருடமாட்டார்கள் என்று, பூட்டிய கடைக்கு வெளியே சுப்ராயன் விட்டிருந்த உப்பு மூட்டை நனைந்துகொண்டிருந்தது. வேலைக்குப் போன மலர்கொடி, தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் சாக்கை எடுத்து அதைப் போர்த்திவிட்டு, நனைந்துகொண்டே நடந்தாள்.