கிளம்பறேன் என்ற நரம்பு

தாயின் வயிற்றிலிருந்த சிசுவுக்குள், கால் சுண்டுவிரல் தசையைத் தேடி முதுகிலிருந்து புறப்பட்டது ஒரு நரம்பு. போகிற இடத்தில் யாராவது "இரு" என்று சொன்னால்தான் அதற்கு உயிர். சொல்லாவிட்டால் தானே சுருண்டு மடிந்துவிட வேண்டும். கூடப் புறப்பட்டவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் போய்ச்சேர்ந்தார்கள்.

தசை ஏதோ வேலையாக இருந்தது. வாய்விட்டுக் கேட்க நரம்புக்குக் கூச்சம்.

"சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன். அப்ப நான் கிளம்பறேன்" என்றது.

தசை திரும்பவில்லை. நரம்பு நுனியிலிருந்து சுருள ஆரம்பித்தது.

"அட, இரு! வந்ததும் வராததுமா அப்படி என்ன அவசரம்?" என்றது தசை.

நரம்புக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அவசரமா? எனக்கா?" என்று தசைமேல் நன்றாகச் சாய்ந்துகொண்டது.

சுண்டுவிரல் முதன்முதலாக அசைந்தது.