புது ஒயர்

தவசிமுத்து நெடுநாள் யோசித்து ஸ்பீக்கருக்கு விலை கூடிய ஒயர் வாங்கி வந்தார். "பழசக் கழட்டிட்டு இத மாட்டு. நான் கண்ண மூடிக்கிட்டுக் கேக்கேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு சோபாவில் சாய்ந்தார்.

ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்த கிரேஸுக்குப் பழைய ஒயரைக் கழற்றவே முடியவில்லை. திருகு இறுகிப்போயிருந்தது. அதைச் சொல்ல நிமிர்வதற்குள் அவர் ரிமோட்டை அழுத்திவிட்டார்.

"ஏ கிரேஸு, பாடுறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு மூச்சு இழுக்கா, கேக்குதா? இத்தன வருஷமா என் காதுல விழலயே!" மூடிய கண்ணோரம் ஈரம் துளிர்த்திருந்தது.

புது ஒயரைக் கையில் பிடித்தபடி கிரேஸ் சொல்ல வாயெடுத்தாள். அவர் கண் திறக்காமலே நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். அவளும் உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டாள். அடுத்த சரணத்துக்கு முன்னால் அந்தப் பெண் மூச்சு இழுத்தது அவளுக்கும் தெளிவாகக் கேட்டது.