மூடி உட்காராத சட்டி

மூடி சட்டியின் மேல் உட்காரவே இல்லை. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த இடுக்கு வழியாகக் கோழி ஸ்டூவின் ஆவி புஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது.

நான் காலிக் கிண்ணத்தோடு அடுத்த வீட்டு அடுப்படி வாசலில் நின்றேன். மிளகுத்தூள் கேட்கத்தான் போனேன். என் வீட்டிலும் மிளகுத்தூள் இருக்கிறது, அது வேறு விஷயம்.

இலை உதிரத் தொடங்கினால் அந்த வீட்டில் ஸ்டூதான். வீட்டுக்காரர் கோழிக்கடை வைத்திருக்கிறார். விற்காமல் மிஞ்சியது சட்டிக்கு வரும். கூடவே கேரட்டோ, முட்டைக்கோஸோ, வாடிப்போன உருளைக்கிழங்கோ, எதைப் போட்டாலும் ஸ்டூ கோபித்துக்கொள்ளாது.

கோபமெல்லாம் அவருக்குத்தான்.

பகலெல்லாம் கோழி வெட்டிய கை வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. குளிருக்கு எல்லோரும் ஜன்னலைச் சாத்திவிடுவதால் சத்தம் தெருவுக்குப் போகாது. சுவர் வழியாக எனக்கு மட்டும் வரும்.

மறுநாள் ஒரு கிண்ணம் ஸ்டூவும் வரும். துண்டுகள் பெரிதாக இருந்தால் வீடு அமைதியாக இருக்கிறது. கூழாகக் கடைந்திருந்தால், அவர் மனைவியால் மெல்ல முடியவில்லை என்று அர்த்தம். அதற்குமேல் தெருவுக்குச் சொல்ல நான் இருக்கிறேன்.

"வழுக்கி விழுந்துட்டேன்க்கா" என்பாள். தரை எப்போதும் காய்ந்துதான் கிடக்கும்.

நேற்றுச் சாயங்காலம் முதலில் வழக்கமான வசவு. பிறகு நாற்காலி கவிழ்ந்தது. அவள் தலையைச் சுவரில் மோதினார் போலிருக்கிறது, என் அலமாரியில் தம்ளர்கள் குலுங்கின. மறுபடியும் குலுங்கின.

அப்புறம் ணங்கென்று ஒரு சத்தம். ஓர் அலறல், பாதியிலேயே நின்றுபோனது.

அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் மிளகுத்தூள்.

அவள் எனக்கு முதுகு காட்டி நின்றாள். மூடியை எடுத்து வைத்துவிட்டு, கோழியை நார் நாராகப் பிய்த்தாள். கேரட்டைக் கரண்டியால் சட்டியின் ஓரத்தில் வைத்து நசுக்கினாள். கடைந்தாள். நிறுத்தாமல் கடைந்தாள்.

கூழ்.

இந்தத் தடவை போனது பல்லா, தாடையா?

"இப்படித் திரும்பும்மா, மூஞ்சியைப் பாக்கறேன்."

திரும்பினாள். நெற்றி புடைத்திருந்தது. வாய் நன்றாகத்தான் இருந்தது.

"உக்காருங்கக்கா. அவருதான் வழுக்கி விழுந்துட்டாரு."

உள்ளறையிலிருந்து ஒரு முனகல் வந்தது. வாயைத் திறக்க முடியாதவர்கள் முனகுகிற முனகல்.

கூழைக் கிண்ணத்தில் ஊற்றி, ஆறட்டும் என்று ஓரமாக வைத்தாள். தனியே எடுத்துவைத்திருந்த முழுக் கோழிக்காலோடு அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்து, எலும்பைக் கடித்து உடைத்தாள்.

நான் மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தடித்த மூடி. விளிம்பு நெளிந்திருந்த இடத்தில் என் தாடையை வைத்தால் அப்படியே பொருந்தும்.

பால் வாங்கப் போனபோது தெருமுனையில் பிடித்துக்கொண்டார்கள், கோழிக்கடை ஏன் திறக்கவில்லை என்று.

நானே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், அவர் வழுக்கித்தான் விழுந்தார் என்றேன். தரையெல்லாம் ஒரே ஈரம்.