லமாண்டின் விலை

லமாண்ட் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். எல்லாம் அரைக்கால் சட்டைகள். மேலாக மகள் நயாவின் நீச்சல் கண்ணாடியை வைத்தான்.

"பிட்ஸ்பர்க்ல முழங்கால் அளவுக்குப் பனி கொட்டுது. இதையா எடுத்துக்கிட்டுப் போறே?" என்றாள் மனைவி யோலாண்டா. குரலில் அனல் பறந்தது.

மணி ஒன்று நாற்பது. இரண்டு மணியோடு கூடைப்பந்து அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு முடிகிறது. அதற்குள் செயின்ட் லூயிஸ் அணியில் ஆடும் லமாண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தான் பிட்ஸ்பர்க் அணி நிர்வாகி ஹால்கம்.

ஒன்பது வருடங்களுக்கு முன் அவனைத் தள்ளிவிட்டதும் இதே ஹால்கம்தான். அன்று யோலாண்டா பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். தன்னை விற்றுவிட்ட சேதியை ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த டிவி சொல்லித்தான் லமாண்ட் தெரிந்துகொண்டான். விலை, ஒரே ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வு. அதாவது, புதுப் பையன்களில் நல்லவர்களை எல்லாம் மற்றவர்கள் பொறுக்கிக்கொண்ட பிறகு மிஞ்சுகிற ஒருவன்.

அன்றிலிருந்து யோலாண்டா கறுவிக்கொண்டே இருந்தாள். அவன் மட்டும் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை.

"சம்பளத்துல கோடி டாலரைக் குறைச்சுக்கிட்டு, 'என் சம்மதம் இல்லாம என்னை மாத்தக் கூடாது'ன்னு ஒப்பந்தத்துல ஒரு வரி எழுதி வாங்கினியே, எதுக்கு? அந்த ஆள் விரலைச் சொடுக்கினதும் ஓடறதுக்கா? சூடு சொரணை இல்ல?"

போன் அடித்தது. ஹால்கம்தான். லமாண்ட் ஸ்பீக்கரில் போட்டான்.

"லமாண்ட், என் ராஜா! இன்னிக்கு உன் விலை என்ன தெரியுமா? மூணு முதல் சுற்றுத் தேர்வு! உங்க செயின்ட் லூயிஸ்காரன் ஒண்ணுகூடக் குறைக்க மாட்டேன்னுட்டான். இந்த வருஷம் கோப்பை வரலைன்னா முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிடுவார். உன்னைத்தான் நம்பியிருக்கேன்."

"சரிங்க சார்."

"சார் ஒரு கேடு!" என்று யோலாண்டா பல்லைக் கடித்தாள்.

"என் சம்பளத்துக்கு அங்கே இடம் இருக்கா சார்? அணியோட மொத்தச் சம்பளம் லீக் வச்ச வரம்பைத் தாண்டக் கூடாதே."

"அதுக்குத்தானே என் நல்ல ஆட்டக்காரங்க ரெண்டு பேரை இப்பத்தான் சியாட்டிலுக்குத் தள்ளிவிட்டேன்! எல்லாம் முடிஞ்சாச்சு. நானே நினைச்சாலும் இனிமே திரும்பக் கூப்பிட முடியாது."

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"எதுக்கு? டிவியில பார்த்துக்குவாங்க." ஹால்கம் சிரித்தான். "சம்மதப் படிவம் அனுப்பியிருக்கேன். கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பிடு."

லமாண்ட் படிவத்தை மேஜைமேல் விரித்துவைத்து, பேனாவைத் திறந்தான். யோலாண்டா பார்க்கப் பிடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒன்று ஐம்பத்தெட்டுக்கு மறுபடியும் போன்.

"என்னப்பா, உன் கையெழுத்து இன்னும் வந்து சேரலையே! ரெண்டே நிமிஷம்தான் இருக்கு!" ஹால்கமுக்கு மூச்சு வாங்கியது.

லமாண்ட் பேனாவை மூடினான். அடுத்த வார விடுமுறைக்கு வாங்கியிருந்த மூன்று ஜமைக்கா டிக்கெட்டுகளைப் பெட்டியில் செருகி, அதையும் மூடினான்.

"உங்க ரூம்ல டிவி இருக்கா சார்?"

"இருக்கு. இப்போ அதுக்கென்ன?"

"போட்டு உட்காரு. அதுல பார்த்துத் தெரிஞ்சுக்கோ."