ஆறாவது கையெழுத்து

ஆறாவது கையெழுத்தைப் பார்த்ததும் அவள் வாசிப்பதை நிறுத்தினாள்.

அவளுடைய கணவரின் கையெழுத்து.

தலைமையாசிரியை மனுவை அவள் பக்கம் திருப்பி வைத்திருந்தார். ஊர்த் தேவாலயச் சபையைச் சேர்ந்த பெற்றோர் ஒன்பது பேர் சேர்ந்து எழுதியது. பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடத்தை நடத்த வேண்டாம். மனிதனைக் கடவுள் படைத்தார் என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்க்கிறோம். அறிவியல் டீச்சர் அவர்களைக் குரங்கின் பிள்ளைகள் ஆக்குகிறார்.

அவள் அப்படிச் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை எல்லோரையும் டெஸ்க்கின் மேல் கையை விரித்து வைக்கச் சொன்னாள். தோளிலிருந்து விரல் வரை ஒவ்வோர் எலும்பாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். வௌவாலின் இறக்கையிலும் திமிங்கிலத்தின் துடுப்பிலும் இதே வரிசைதான் என்றாள். பெல் அடித்த பிறகும் ஒருத்தி தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அவ்வளவுதான் நடந்தது. இன்னும் ஒரு பீரியட் பாக்கி. மனிதனைப் பற்றிய பகுதி.

"அதைப் பிள்ளைகளே வாசிச்சுக்கட்டும் டீச்சர்," என்றார் தலைமையாசிரியை. குரலில் கோபமில்லை. "நீங்க நடத்தினா, பத்தாம் வகுப்பை நான் வேற ஆளுக்குத்தான் கொடுக்கணும். என்னையும் மேல கேப்பாங்க."

அவள் மனுவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் கணவர்தான் பைக்கில் கொண்டுவந்து விட்டார். குடை எடுத்தாயா என்று கேட்டார். இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அப்புறம்தான் கையெழுத்துக்குப் பக்கத்துக் கட்டத்தைக் கவனித்தாள்.

மாணவர் பெயர், வகுப்பு.

மற்றவர்கள் அவசரத்தில் கிறுக்கியிருந்தார்கள். அவர் ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாக எழுதியிருந்தார்.

ஜெஃப்ரின். பத்தாம் வகுப்பு.

தலைமையாசிரியை இந்த ஜூனில்தான் மாற்றலாகி வந்தவர். அவள் பார்வை நின்ற வரியில் அவளுடைய கணவர் பெயரை அப்போதுதான் கவனித்தார். "உங்க பையனும் இங்கதானா? சொல்லவேயில்லையே. எந்த செக்‌ஷன்?"

ஏழு வருடம் ஆகிறது. மூன்றாம் வகுப்பு அரையாண்டு லீவில் காய்ச்சல் வந்தது. மூளைக்காய்ச்சல் என்று கண்டுபிடித்தபோது நான்காம் நாள். ஐந்தாம் நாள் அவன் இல்லை.

இருந்திருந்தால் இந்த வருடம் பத்து. அவளிடம்தான் படித்திருப்பான்.

"அவன் இல்ல, மேடம்," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது கேட்க வேண்டியதையெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். சண்டை போடத்தான் வந்தாள்.

அவர் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்த்ததும் ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சியது.

"அவன் பேர ஏன் போட்டீங்க?"

அவர் குழாயை அடைத்தார். திரும்பவில்லை.

"அவன் ஒரு இடத்துல இருக்கான்னு நெனச்சுத்தான் நான் காலையில எந்திரிக்கேன். வெறும் எலும்பும் தசையும்தான் நாமன்னா, அவன எங்க போய்ப் பாப்பேன்?"

ஏழு வருடமாக அவளும் கேட்டுக்கொண்ட கேள்வி அது. பாடத்தில் அதற்கு இடமில்லை.

அவரே மேலும் சொன்னார்.

"அவன் இருந்திருந்தா, நீ சொல்றதத்தான் நம்பியிருப்பான். எனக்குத் தெரியும். எதக் கண்டாலும் ஏன், ஏன்னு உன்கிட்டதான் ஓடி வருவான். என்கிட்ட ஒருநாளும் கேட்டதில்ல."

செதில் ஒட்டிய கையால் முகத்தைத் துடைக்க முடியவில்லை. தோளில் தேய்த்துக்கொண்டார்.

அவள் கிட்டப் போய் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

குழம்பு கொதித்தது. சாப்பிட்டார்கள்.

மறுநாளும் அவர்தான் கொண்டுவந்து விட்டார். பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது கேட்டார்.

"இன்னைக்கு நடத்தப் போறியா?"

"ஆமா."

அவர் பைக்கை மதிலோரம் நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

பத்தாம் வகுப்பு சாலைப் பக்கத்து அறை. ஜன்னலுக்கும் மதிலுக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது.

அவள் கரும்பலகையில் தலைப்பை எழுதினாள். இரண்டு பேர் புத்தகத்தைத் திறக்கவில்லை. வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். மற்றவர்கள் பேனாவோடு காத்திருந்தார்கள். நாளை வேறு டீச்சர் வருவார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஆரம்பித்தாள்.

"கேக்கல டீச்சர்," என்றது கடைசி பெஞ்சு.

மறுபடி ஆரம்பித்தாள். வெளியே அவருக்கும் கேட்குமே என்று குரல் எழும்பவில்லை.

ஜன்னலருகே போனாள். அவர் இன்னும் அங்கேயே இருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்து, காதை இந்தப் பக்கம் கொடுத்து, தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

ஜன்னல் கதவுகள் இரண்டையும் சத்தம் வராமல் சாத்தினாள்.

பிறகு, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி, முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.